நேற்றைய பாண்

  புலம்பெயர் வாழ்வும் உணவும் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பெரிய தலைப்பு. முழுவதையும் தொடப் போனால் ஒன்றையும் தொடாத மாதிரி ஆகிவிடும். அதனால் பாரிஸில் நான் அடிக்கடி சாப்பிடப் போகும் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லெபனான் சாப்பாடும் துனிசியச் சாப்பாடும் அங்கே கிடைக்கும். விலை மலிவு. அந்த மலிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன்.

கடை பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில், பெல்வில் சந்தியிலிருந்து மேடேறிப் போகும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. பத்து மேசைகள், கடதாசி விரிப்பு, கேட்காமலே வந்துவிடும் தண்ணீர்ப் போத்தல். மத்தியானத்தில் கட்டட வேலை செய்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், பென்சன் எடுத்த கிழவர்கள் என்று எல்லோரும் கலந்து இருப்பார்கள். யாரும் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதில்லை. பத்து யூரோவுக்குள் வயிறு நிறைந்துவிடும். சுவரில் ஒரு கரும்பலகை. இடப்பக்கம் ஹும்முஸ், தபூலே, ஃபத்தூஷ், ஃபத்தே. வலப்பக்கம் ப்ரிக், ஒஜ்ஜா, குஸ்குஸ், லப்லாபி. கணவர் லெபனான்காரர், மனைவி துனிசியப் பெண். "அவருடைய பக்கத்தைப் பார்த்து ஆட்கள் உள்ளே வருவார்கள், என்னுடைய பக்கத்துக்காகத் திரும்பி வருவார்கள்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லுவார். பாரிஸ்காரருக்கு ஹும்முஸ் தெரியும், லப்லாபி தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

பெய்ரூட்டுக்கும் துனிசுக்கும் இடையில் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூரம். இந்த இரண்டு ஊர்ச் சாப்பாடும் ஒரே பலகையில் ஏறியதற்கு முதற்காரணம் பிரான்ஸ். 1881இல் பார்தோ உடன்படிக்கை மூலம் துனிசியா பிரான்சின் பிடிக்குள் வந்தது. 1956 மார்ச் 20இல் விடுதலை பெற்றது. முதலாம் உலகப் போரில் ஒட்டோமன் பேரரசு வீழ்ந்தபின் லெபனான் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் போனது. 1943 நவம்பர் 22இல் விடுதலை பெற்றது. தம்மை ஆண்ட நாட்டின் மொழியைக் கற்றவர்கள் அந்த நாட்டின் தலைநகருக்கே வந்து சேருவது உலக வழக்கம். எங்கள் ஆட்கள் லண்டனுக்குப் போனதும் அப்படித்தான். துனிசியர்கள், யூதர்களும் முஸ்லிம்களுமாக, 1950களிலும் 60களிலும் பெல்வில்லில் வந்து குடியேறினார்கள். லெபனானிலிருந்து பெருமளவில் ஆட்கள் வந்தது 1975இல் தொடங்கி 1990வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது.

பிரான்சுக்கு முந்திய உறவும் உண்டு. துனிசுக்குப் பக்கத்தில் இருந்த கார்த்தேஜ் நகரத்தை நிறுவியவர்கள், இன்றைய தென் லெபனானில் உள்ள தீர் நகரத்திலிருந்து கப்பலில் போன பினீசியர்கள். கி.மு. 814 என்று மரபாகச் சொல்லும் ஆண்டு. பிந்திய உறவும் உண்டு. 1982இல் இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது, பாலஸ்தீன விடுதலை இயக்கம் அங்கிருந்து வெளியேறித் தன் தலைமையகத்தைத் துனிசுக்கு மாற்றியது. தீரிலிருந்து கார்த்தேஜுக்கு, பெய்ரூட்டிலிருந்து துனிசுக்கு: ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு வருட இடைவெளியில் ஒரே கடல்வழி.

அதனால் பலகையின் இரண்டு பக்கத்திலும் ஒரே சொற்கள் வேறு வேறு சாப்பாடாக நிற்கும். துனிசியாவில் ஹரிசா என்றால் செத்தல் மிளகாயும் உள்ளியும் மல்லியும் இடித்து ஒலிவ் எண்ணெயில் குழைத்த சம்பல். லெபனானில் அதே ஹரிசா கோதுமையையும் இறைச்சியையும் கரையக் கரைய வேகவைத்த கஞ்சி. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்று: இடித்தல், நசுக்குதல். மிளகாய் அமெரிக்காவிலிருந்து ஸ்பானியரின் கப்பலில் வந்தது. அது வருவதற்கு முன்பே சொல் இருந்தது, மிளகாய் அந்தச் சொல்லுக்குள் வந்து குடியேறிவிட்டது. லெபனானில் பெரிய மணிகளாகத் திரட்டிய ஒருவகைக் குஸ்குஸ் இருக்கிறது. அதன் பெயர் முக்ரபியே. மக்ரெப், அதாவது வட ஆபிரிக்கா, அங்கிருந்து வந்தது என்று பொருள். நாங்கள் மிளகாய்க்கு மிளகின் பெயரை ஒட்டவைத்த மாதிரி, அவர்கள் வந்த ஊரின் பெயரையே சாப்பாட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

நான் பெரும்பாலும் சாப்பிடுவது லப்லாபி. அது கடலைச் சாறு. தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொல்வதென்றால் கொண்டைக்கடலை. துனிசில் அது குளிர்காலத்துக் காலைச் சாப்பாடு, வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு. அங்குள்ள லப்லாபிக் கடைகளில் முதலில் உங்கள் கையில் வெறும் கோப்பையையும் ஒரு துண்டுப் பாணையும் தருவார்கள். நாங்கள் பாண் என்று சொல்வது பிரெட். போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொல். அந்தப் பாணை நீங்களே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்துக் கோப்பைக்குள் போட வேண்டும். அதன்மேல் கொதிக்கும் கடலையும் சாறும் ஊற்றி, நற்சீரகத் தூள், உள்ளி, ஹரிசா, எலுமிச்சைச் சாறு, ஒலிவ் எண்ணெய் சேர்ப்பார்கள். வசதி இருந்தால் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் ரின் மீன். பாண் நேற்றையதாக இருக்க வேண்டும். புதுப் பாண் சாற்றில் கரைந்து களியாகிவிடும், பழசுதான் தாங்கி நிற்கும். இந்தக் கடை அம்மா பக்கத்துப் பேக்கரியில் மாலையில் மிஞ்சுகிற பாணை வாங்கி, மறுநாளைக்கு என்று துணிப் பையில் கட்டி வைப்பார்.

இடப்பக்கத்து ஃபத்தேயைப் பாருங்கள். அதிலும் அடியில் பழைய பாண், லெபனானின் தட்டைப் பாண், நடுவில் கடலை. மேலே சாற்றுக்குப் பதிலாக உள்ளி போட்ட தயிர். ஃபத்தூஷ் என்ற சலாட்டிலும் காய்ந்த பாணைப் பொரித்தோ வாட்டியோ நொறுக்கிப் போடுகிறார்கள். ஃபத்தே, ஃபத்தூஷ் இரண்டும் பாணைக் கையால் நொறுக்குதல் என்ற ஒரே வினைச்சொல்லிலிருந்து வந்தவை. இதன் மூதாதை தரீத் என்ற சாப்பாடு: இறைச்சிச் சாற்றில் பிய்த்துப் போட்ட பாண். நபிகள் நாயகம் விரும்பிச் சாப்பிட்டதாக ஹதீஸ்களில் பதிவாகியிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலும் தரீதுக்கு இடம் இருக்கிறது. கலீபாக்களின் மேசையிலும் ஏழையின் கோப்பையிலும் ஒரே யோசனைதான். காய்ந்துபோனதை எறியாதே, நனைத்துச் சாப்பிடு.

அந்த நாடுகளில் பாண் துண்டு நிலத்தில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு, யாரும் மிதிக்காத உயரத்தில் வைப்பார்கள். துனிசில் பழைய பாணைக் குப்பையோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி வெளியே தொங்கவிடுவது வழக்கம். எங்கள் ஊர் ஆட்களுக்கு இது விளங்கும். முதல்நாள் சோற்றையும் மிஞ்சின கறிகளையும் தயிர் விட்டுக் குழைத்து, உள்ளங்கையில் உருட்டி வைக்கும் பழஞ்சோற்றுக் குழையலை நினைத்துப் பாருங்கள். கொத்துரொட்டியை நினைத்துப் பாருங்கள். லாச்சப்பலில் இன்றைக்கு அது பெயர்பெற்ற சாப்பாடு. ஆனால் அதன் பிறப்பு, மிஞ்சின ரொட்டியைக் கொத்திக் கறியோடு புரட்டியதில்தான். அவர்கள் நொறுக்கினார்கள், நாங்கள் கொத்தினோம். இரண்டு பக்கத்திலும் சாப்பாட்டின் பெயரே பழைய ரொட்டியை என்ன செய்தோம் என்பதைத்தான் சொல்கிறது.

இதுவரை சொன்னதை ஏழைகளின் கெட்டித்தனம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். நான் அங்கே நிறுத்த விரும்பவில்லை. பழைய பாணை எறியாமல் வைப்பதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. நாளைக்குப் பாண் கிடைக்குமா என்ற பயம்.

லெபனான் மலைப்பகுதியில் 1915 முதல் 1918வரை பெரும்பஞ்சம். 1915இல் வெட்டுக்கிளிகள் வந்தன. நேசநாடுகளின் போர்க்கப்பல்கள் கடலை மறித்தன. ஒட்டோமன் படை தானியத்தைப் பறித்துக்கொண்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். ஊரில் மூன்றில் ஒருவராவது செத்துப்போன நிலம் அது. நூறு வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாட்டின் தானியத்தில் பெரும்பகுதியைச் சேமித்து வைத்த குதிர்களும் அந்த வெடிப்பில் உடைந்தன. அந்தக் குதிர்கள் குறுக்கே நின்றதால்தான் நகரத்தின் மேற்குப் பகுதி ஓரளவு தப்பியது. கோதுமைக் குதிர் ஊருக்குக் கேடயமாக நின்றது என்பது கதையில் எழுதினால் மிகை என்று சொல்லுவோம். அது நடந்தது.

துனிசியாவில் 1983 டிசம்பர் கடைசியில் அரசு மானியத்தைக் குறைத்து, பாணின் விலையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. தெற்கில் தொடங்கிய கிளர்ச்சி தலைநகருக்குப் பரவியது. படை சுட்டது. பலர் இறந்தார்கள். 1984 ஜனவரி 6இல் ஜனாதிபதி பூர்கீபா தொலைக்காட்சியில் தோன்றி விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார். 2010 டிசம்பர் 17இல் சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசிசி தீக்குளித்தார். அதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியில், 'பாணும் தண்ணீரும் போதும், பென் அலி வேண்டாம்' என்று தெருவில் கத்தினார்கள். 2011 ஜனவரி 14இல் பென் அலி நாட்டை விட்டு ஓடினார்.

எங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கிறது. 1953இல் இலங்கை அரசு அரிசி மானியத்தை வெட்டியது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஆகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால். அதற்குப் பிறகு பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். பாரிஸ் மட்டும் என்ன? 1789 அக்டோபர் 5இல் இந்த நகரத்துப் பெண்கள் பாண் கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். அதன்பின் பிரான்சில் அரசுகள் நெடுங்காலம் பாணின் விலையைத் தங்கள் கையில் வைத்திருந்தன. முழுமையாக விட்டது 1987இல்தான். பாணை மலிவாக வைத்திருப்பது அரசுகள் மக்களோடு செய்துகொண்ட எழுதாத ஒப்பந்தம். மீறின அரசுகள் எல்லாம் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன.

இப்போது பாரிஸில் அந்தப் பாணைச் சுடுவது யார்? 1994 முதல் இந்த நகரத்தின் மிகச் சிறந்த பகெத் பாணுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். வென்றவர் ஒரு வருடத்துக்கு எலிசே மாளிகைக்கு, அதாவது ஜனாதிபதிக்கு, பாண் கொடுப்பார். 2013இல் வென்ற ரிதா காதர் துனிசியாவில் பிறந்தவர். 2021இல் வென்ற மக்ரம் அக்ரூத்தும் துனிசியர். 2023இல் வென்றவர் தர்சன் செல்வராஜா, இலங்கையிலிருந்து வந்த தமிழர். அவருடைய கடையும் இதே இருபதாம் வட்டாரத்தில்தான். அன்றைக்கு எங்கள் ஆட்கள் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லி மகிழ்ந்தது எனக்கு நல்ல நினைவு. அது நியாயமான மகிழ்ச்சி.

அதற்கு முந்திய வருடம், 2022இல், மொரோக்கோவின் ரபாத் நகரில் யுனெஸ்கோ கூட்டம் நடந்தது. பிரான்சின் பகெத் பாண் சுடும் கலையும், துனிசியாவின் ஹரிசாவும் அந்த ஒரே கூட்டத்தில் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அடுத்த வருடம் லெபனானின் மனூஷே என்ற தட்டைப் பாணும் சேர்ந்தது. என்னுடைய லப்லாபிக் கோப்பையில் கிடப்பது பகெத், அதன்மேல் ஹரிசா. இரண்டுக்கும் சான்றிதழ் இருக்கிறது. குசினிக்குள் அந்தக் கோப்பையைக் கழுவுகிறவருக்கு ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறதா என்பதுதான் என்னுடைய கேள்வி.

நண்பர்களே, பாரிஸில் கோப்பை கழுவுதல் என்பது எங்களுக்குப் புதிய சொல் அல்ல. 1983க்குப் பிறகு இங்கே வந்த தலைமுறையில் எத்தனையோ பேரின் முதல் வேலை அதுதான். வாத்தியாராக இருந்தவரும் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவரும் ஒரே தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். 1991 செப்டம்பர்வரை பிரான்சில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர் வேலை செய்யலாம். அந்த மாதம் வந்த ஒரு சுற்றறிக்கை அந்த உரிமையை எடுத்துவிட்டது. அதற்கு முன்பு வந்த அண்ணன் சம்பளச் சிட்டையோடு கோப்பை கழுவினார். அதற்குப் பிறகு வந்த தம்பி சிட்டை இல்லாமல் அதே கோப்பையைக் கழுவினார். வேலை ஒன்று, தண்ணீரின் சூடும் ஒன்று. ஒருவரின் உழைப்பு பென்சன் கணக்கில் ஏறியது, மற்றவருடையது ஏறவில்லை. இன்றைக்கு அறுபது வயதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேநீர் குடிக்கும்போது அந்த வித்தியாசம் மேசைமேல் கிடக்கிறது.

2008 ஏப்ரல் 15இல் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் விசா இல்லாத தொழிலாளர்கள், தொழிற்சங்கத்தின் துணையோடு, தங்கள் வேலைத்தலங்களிலேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலர் மாலி நாட்டவர். உணவகங்கள், கட்டட வேலை, துப்புரவு வேலை என்று எல்லா இடத்திலும் நடந்தது. வரியும் சமூகக் காப்புறுதியும் கட்டுகிறோம், வதிவிட அனுமதி மட்டும் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. சில நூறு பேருக்கு அனுமதி கிடைத்தது. 2012 நவம்பரில் வந்த சுற்றறிக்கை, சம்பளச் சிட்டைகளைக் காட்டி விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. 2025 ஜனவரியில் அந்த வழி மீண்டும் இறுகியது. அதாவது சட்டம் திரும்பத் திரும்பக் கேட்கும் சாட்சி ஒன்றுதான்: சம்பளச் சிட்டை. மலிவுக் கடைகள் பலவற்றில் கொடுக்கப்படாமல் போவதும் அதுதான்.

ஒரு சாப்பாடு பத்து யூரோவுக்குள் கிடைக்கிறது என்றால், மிச்சப் பணத்தை யாரோ கொடுக்கிறார்கள். நான் போகும் கடையில் அதைக் கொடுப்பது நேற்றைய பாணும் கடலையும், காலை ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்றுவரை நிற்கும் கணவனும் மனைவியும். குசினியில் ஒரு மருமகன் வேலை செய்கிறார். அவருக்குச் சிட்டை உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டது அந்த அம்மாவுக்குக் கோபமில்லை. "இதைக் கேட்ட முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான்" என்றார்.

எங்கள் கடைகளிலும் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் இந்த உரையைத் தயாரித்தேன். லாச்சப்பலில் ஆறு யூரோவுக்குக் கொத்துரொட்டி கிடைத்தால் சந்தோசமாகச் சாப்பிடுகிறோம். தகட்டுக்கு முன்னால் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் பொடியனுக்குச் சிட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. 'நம்ம பெடியன்தானே, இடம் கொடுத்து வைத்திருக்கிறோம்' என்று ஒரு பதில் வரும். அது உதவியாகவும் இருக்கலாம். ஆனால் பத்து வருடம் கழித்து அவன் விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது, அந்த உதவிக்கு எழுத்தில் ஒரு வரியும் இருக்காது. விலைப்பலகையில் ஒரு யூரோ கூடினால் நாங்கள் முகம் சுளிக்காமல் கொடுப்போமா என்ற கேள்வி முதலாளிக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொன்று, இலக்கிய நண்பர்களுக்கு. பரிசு பெற்ற பாணுக்கு வரலாறு எழுதிவிட்டார்கள், யுனெஸ்கோவில் கோப்பு இருக்கிறது. எங்களுடைய குசினி வரலாறு சில சிறுகதைகளிலும் நாவல்களிலும்தான் இருக்கிறது. எந்தத் தெருவில் எந்த உணவகத்தில் யார் வேலை எடுத்துக் கொடுத்தார், ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை பிராங், யார் யாருடைய அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், அரபுச் சமையல்காரரும் தமிழ்க் கோப்பை கழுவுபவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் இன்றைக்கு எழுபதை நெருங்கும் மனிதர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்ய அரை மணித்தியாலம் போதும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அவரிடம் ஊரை விட்டு வந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். இந்தமுறை அவருடைய முதலாவது குசினியைப் பற்றிக் கேளுங்கள். பெயர்களையும் சம்பளத்தையும் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சம்பளச் சிட்டைகள் ஏதும் பெட்டிக்குள் கிடந்தால் எறிய விடாதீர்கள்.